பெட்டியை மொட்டை மாடிக்குத் தூக்குங்கள்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

தீபாவளி முடிந்த இரண்டாவது ஞாயிறு. சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், காலண்டர் வேலை நெருக்கத்துக்கு நடுவில் கிடைத்த அந்த ஒரு நாள் விடுப்பில் என்னைத் தேடி விருதுநகருக்கு வந்தார். சட்டைப் பையில் போனஸ் பணம் இருந்தது.

“அண்ணாச்சி, ஆம்ப்ப மாத்தவா, பாக்ஸ மாத்தவா? சத்தமாத்தான் கேக்கு, ஆனா பாட்டுல வார்த்தை ஒண்ணும் வெளங்கல. கடையில கேட்டா 500 வாட் போர்டு போடுங்க, எல்லாம் சரியாயிரும்ங்காங்க.”

எங்கள் பக்கத்தில் கையில் மொத்தமாகப் பணம் புழங்குவது தீபாவளியை ஒட்டித்தான். வீட்டு செட்டை மாற்றும் ஆசையும் அப்போதுதான் வரும். அப்படி மாற்றியவர்களில் பலர் மூன்று மாதம் கழித்து அதே குறையோடு திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன். குறை ஓரிடத்தில் இருக்க, பணம் வேறிடத்தில் போய்விடுகிறது. உழைத்துச் சேர்த்த பணம் அது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: வாட் கூடினால் பாட்டு தெளிவாகும்

டெசிபல் என்ற சொல் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்ற 1999ஆம் ஆண்டு விதி, பட்டாசுத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். அதே டெசிபல் கணக்கை வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவந்தால் வாட் மயக்கம் தெளிந்துவிடும்.

ஸ்பீக்கர் பெட்டிக்கு ‘சென்சிட்டிவிட்டி’ என்று ஓர் அளவு உண்டு. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது என்பதே அது. வீட்டுப் பெட்டிகள் பலவும் 87 டெசிபலுக்கு அருகில் இருக்கும். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 6 டெசிபல் குறையும், இரண்டு பெட்டியும் சேர்ந்து பாடினால் 3 டெசிபல் கூடும். ஆக, பெட்டிக்கு 1 வாட் வீதம் கொடுத்தாலே உங்கள் காதுக்கு 84 டெசிபல் வந்து சேரும். இரண்டு பேர் பேசிக்கொள்ளும் சத்தம் 60 டெசிபல் அளவுதான். தம்பி வீட்டில் சாயங்காலம் பாட்டு ஓடும்போது அவருடைய ஆம்ப் சராசரியாக ஒரு வாட்டைக்கூடத் தாண்டுவதில்லை.

50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. ‘கொஞ்சம் கூடியிருக்கு’ என்று சொல்லலாம், அவ்வளவுதான். இரு மடங்கு சத்தமாகக் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. இந்தக் கணக்கை அதன் எல்லை வரை இழுத்துப் பார்க்கலாம். 4 மீட்டரில் 125 டெசிபல் என்பது வெட்டவெளியில் 1 மீட்டரில் 137 டெசிபல். 87 டெசிபல் பெட்டி ஒன்றால் அந்தச் சத்தத்தை எழுப்ப வேண்டுமானால் 50 டெசிபல் ஏற வேண்டும், அதாவது ஒரு லட்சம் வாட். ஒற்றை வெடி நொடிப்பொழுதில் செய்வதை வாட்டால் எட்டிப்பிடிக்க முடியாது. வாட்டைக் கூட்டுவது இந்த ஏணியில் எவ்வளவு மெதுவாக ஏறும் வழி என்பதற்காகச் சொல்கிறேன்.

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குத் தெருத்தெருவாகக் கட்டிய குழாய் ஸ்பீக்கர்களை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து மைக் செட் ஆம்ப்கள் சிறியவை. ஆனாலும் சத்தம் ஊர் எல்லை வரை போனது. குழாயின் சென்சிட்டிவிட்டி 105 டெசிபலும் அதற்கு மேலும் இருப்பது சாதாரணம். வீட்டுப் பெட்டி 63 வாட் வாங்கிக்கொண்டு எழுப்பும் சத்தத்தைக் குழாய் 1 வாட்டில் எழுப்பிவிடும். சத்தத்தின் பெரும்பங்கு ஆம்ப்பில் இல்லை, ஸ்பீக்கரில்தான் இருக்கிறது.

அசெம்பிள் செட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தம்பியின் செட்டில் இருப்பது 4440 ஐசி போர்டு. ‘100 வாட்’ என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். அந்த ஐசியைத் தயாரித்த சான்யோ நிறுவனம் கொடுத்த அளவு: இரண்டு சானலாக ஓடினால் சானலுக்கு 6 வாட், இரண்டையும் பிரிட்ஜ் செய்து ஒன்றாக்கினால் 19 வாட். பிஎம்பிஓ என்று போட்டு ஆயிரக்கணக்கில் எழுதும் எண்ணுக்கு எந்தப் பொருளும் கிடையாது. ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். 12-0-12, 5 ஆம்பியர் என்றால் மிஞ்சிப்போனால் 24 × 5 = 120 வோல்ட்-ஆம்பியர். அதிலும் ஒரு பெரும் பகுதி ஹீட் சிங்க்கில் சூடாகப் போய்விடும். அந்த டிரான்ஸ்ஃபார்மரை வைத்துக்கொண்டு எந்த போர்டு போட்டாலும் 500 வாட் வராது. தண்ணீர்த் தொட்டியின் அளவை மீறிக் குழாயில் தண்ணீர் வராது.

வாட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தவிலில் ஓர் அடி விழும்போது சத்தம் சராசரியைவிட 10, 15 டெசிபல் துள்ளும். அந்த நொடிக்கு ஆம்ப்பில் இருப்பு வேண்டும். இருப்பு இல்லாத ஆம்ப் அலையின் தலையை வெட்டிவிடும். வெட்டுப்பட்ட அலை கரகரக்கும், கீச்சொலி தரும் ட்வீட்டரையும் எரிக்கும். ஆனால் அதற்குச் சானலுக்கு உண்மையான 30 வாட் போதும். 6 வாட்டில் ஓடும் தம்பிக்கு என்றைக்காவது ஆம்ப் மாற்ற வேண்டிவரும். அவர் அன்று சொன்ன குறைக்கு மருந்து அது அல்ல.

அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம்.

பன்னிரண்டுக்குப் பதினான்கு அடிக் கூடம். பத்தடி உயரத்தில் கான்கிரீட் தளம், கீழே வழவழவென்று டைல்ஸ், நான்கு பக்கமும் பூசிப் பெயிண்ட் அடித்த சுவர். ஒரு ஸ்டீல் பீரோ, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. பெட்டிகள் இரண்டும் இரண்டு மூலைகளில் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தன. நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டினேன். தட்டல் ஓய்ந்த பிறகும் சுவர்களுக்கிடையே ‘ட்ர்ர்ங்’ என்று ஓடியது. எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

“தம்பி, செட்டக் கழட்டுங்க. மாடிக்குத் தூக்குவோம்.”

மொட்டை மாடியில் இரண்டு பெட்டிகளையும் ஸ்டூல் மேல் வைத்து, அதே ஆம்ப்பில், அதே ஒயரில், அதே பாட்டைப் போட்டோம். கனம் குறைந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. கீழே புரியாத சரணம் முழுவதும் புரிந்தது. தம்பி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. ஐந்து பைசா செலவில்லாத இந்தச் சோதனையை ஒவ்வொருவரும் செய்து பார்க்க வேண்டும். மாடியில் தெளிவாகவும் கூடத்தில் குழப்பமாகவும் கேட்டால் குற்றம் கூடத்துடையது. மாடியிலும் குழப்பம் என்றால் பெட்டியையோ ஆம்ப்பையோ பாட்டுக் கோப்பையோ சந்தேகப்படலாம்.

நம்பிக்கை: அறை ஆடியோ செட்டில் சேராது

1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடம் என்ற கட்டடத்தைப் புதிதாகக் கட்டினார்கள். அதன் விரிவுரை அறையில் பேராசிரியர் பேசுவது மாணவர்களுக்கு விளங்கவில்லை. ஒரு சொல் ஐந்து விநாடிக்கு மேல் அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சேபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியருக்கு வந்தது. பக்கத்து அரங்கத்து இருக்கைகளின் மெத்தைகளை இரவு நேரத்தில் சுமந்துவந்து அறையில் பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஒலித்து நிறுத்தி, ஒலி எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று அளந்தார். மெத்தை கூடக் கூட இழுப்பு குறைந்தது. கட்டட ஒலியியல் என்ற துறை அந்த மெத்தைகளிலிருந்து பிறந்தது. ஒலி இழுக்கும் நேரம் அறையின் கன அளவுக்கு நேர்விகிதம், உறிஞ்சும் பரப்புக்கு எதிர்விகிதம் என்று அவர் கண்ட விதி இன்றும் மாறவில்லை.

அந்த விதியைத் தம்பியின் கூடத்துக்குப் போட்டுப் பார்த்தேன். டைல்ஸும் பூச்சுச் சுவரும் தம் மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குகூட உறிஞ்சாது, மீதியைத் திருப்பி அடிக்கும். வெறும் கூடத்தில் ஒலி இரண்டு விநாடிக்கு மேல் இழுக்கும். வீட்டில் பாட்டுக் கேட்க அரை விநாடியை ஒட்டி இருந்தால் நல்லது. ஒரு சொல்லின் வால் அடங்குவதற்குள் அடுத்த மூன்று சொற்கள் வந்து விழுந்தால் பாடகர் யாராக இருந்தாலும் விளங்காது. இந்தக் கூடத்தில் 500 வாட்டைப் போட்டால் குழப்பமும் சேர்ந்து பெரிதாகும். அவ்வளவுதான் நடக்கும்.

மருந்து எங்கள் மாவட்டத்திலேயே விளைகிறது. ராஜபாளையம் பக்கத்துப் பஞ்சில் தைத்த கனமான மெத்தை இரண்டைப் பெட்டிகளுக்கு எதிர்ச்சுவரில் நிமிர்த்தி வையுங்கள். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தால் இன்னும் நன்றாக உறிஞ்சும். பெட்டிக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் தரையில் ஜமக்காளம் விரியுங்கள். அது மெல்லியது என்பதால் ‘ஸ்’, ‘ச்’ ஒலிகளின் கூர்மையைத்தான் தணிக்கும், கனமான ஒலியைத் தொடாது. புத்தக அலமாரி, துணி நிறைந்த திறந்த அலமாரி, கனமான திரை எல்லாம் உதவும். திறந்த ஜன்னலும் உதவும், வெளியே போன ஒலி திரும்பி வராது. சேபின் தன் அளவைக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டதே திறந்த ஜன்னலைத்தான். ஆனால் அங்கே பக்கத்து வீடு இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். முட்டை அட்டையையும் தெர்மாகோலையும் சுவர் முழுக்க ஒட்டும் பழக்கம் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. முட்டை அட்டை கீச்சொலியைக் கொஞ்சம் தணிக்கும், குரலின் அடிப்பகுதியையும் வூஃபரின் கனமான ஒலியையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. தெர்மாகோல் அதுவும் செய்யாது. இரண்டும் பற்றினால் சுவர் முழுக்க ஒரே நேரத்தில் பற்றும், தெர்மாகோல் எரிந்தால் மூச்சை அடைக்கும் புகை கிளம்பும். தீ என்ன செய்யும் என்று இந்த வட்டாரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுச் சுவரில் அதை நாமே ஒட்டிவைக்க வேண்டாம்.

அடுத்தது பெட்டி நிற்கும் இடம். வூஃபர் ஒலி நாலாபக்கமும் பரவக்கூடியது. பின்னால் சுவர் இருந்தால் அது திரும்பி வந்து கூடிக்கொள்ளும், மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து இன்னும் ஊதிவிடும். தம்பியின் பெட்டிகளைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னுக்கு இழுத்தோம். ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரும்படி ஸ்டூல் போட்டோம். இரண்டு பெட்டியும் கேட்பவரும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாக இருக்கும்படி நாற்காலியை நகர்த்தினோம். பீரோ கதவு ஒவ்வொரு தாளத்துக்கும் கூடவே ‘கடகட’ என்றது. காலண்டர் அட்டையை மடித்துக் கதவிடுக்கில் செருகியதும் அதுவும் நின்றது. இத்தனை நாளும் அந்தக் கடகடப்பை ஸ்பீக்கர் கிழிந்த சத்தம் என்று நினைத்திருந்தார்.

நம்பிக்கை: விலை உயர்ந்த ஒயர் போட்டால் ஒலி மாறும்

1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஐந்து மீட்டர் ஓடினால், போக வர பத்து மீட்டருக்கு அதன் மின்தடை ஓர் ஓமில் எட்டில் ஒரு பங்கு. 8 ஓம் பெட்டிக்கு அது பொருட்டே இல்லை. எலெக்ட்ரிக்கல் கடையில் நல்ல செம்பு ஒயர் வாங்கினால் போதும். தூரம் அதிகம் என்றால் 2.5 எடுங்கள்.

ஒயரில் கவனிக்க வேண்டியது விலையை அல்ல, சிவப்பு கறுப்பை. தம்பியின் இடது பெட்டியில் இரண்டும் இடம் மாறியிருந்தன. ஒரு வூஃபர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, கனமான ஒலி செத்துப்போகும். கனம் போதவில்லை என்று அவர் பாஸ் குமிழை முழுக்கத் திருகி வைத்திருந்தார், அது மூலையில் ஊதிப் பெருகிக் குரலை மூடிவிட்டது. ஒயரை மாற்றிச் சொருகினோம், பாஸ் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தோம். பாடகர் இரண்டு பெட்டிக்கும் நடுவில் வந்து நின்றார்.

நம்பிக்கை: பாட்டின் தரத்தைக் கூட்டினால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்

இதில் பாதி உண்மை இருக்கிறது. பென் டிரைவில் கைமாறிக் கைமாறி, பலமுறை சுருக்கப்பட்டு வந்த பாட்டு எந்த செட்டிலும் நன்றாக இருக்காது. சோதிக்க ஒரு நல்ல ஹெட்ஃபோன் போதும். அதில் கேட்டாலும் கரகரத்தால் குற்றம் கோப்பில். ஹெட்ஃபோனில் நன்றாக இருந்து பெட்டியில் கெட்டால் மேலே சொன்ன இடங்களில் தேடுங்கள். 16 பிட், 44,100 ஹெர்ட்ஸில் பதிந்த சிடியே 96 டெசிபல் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். ஒரு வீட்டுக் கூடத்தின் அமைதிக்கும் நம் காதின் பொறுமைக்கும் இடையே அவ்வளவு இடம் கிடையாது. பழைய பாடல்களில் எதிர்பார்ப்பையும் சரிசெய்துகொள்ள வேண்டும். தமிழில் ஸ்டீரியோவில் ஒலிப்பதிவான முதல் படம் என்று சொல்லப்படும் ‘ப்ரியா’ வந்ததே 1978இல்தான். அதற்கு முந்தைய திரைப்பாடல்கள் மோனோ. எந்த செட்டும் அவற்றை இடம் வலமாகப் பிரித்துத் தராது, தர வேண்டியதும் இல்லை.

நம்பிக்கை: பழைய பெட்டியைத் தூக்கிப்போட வேண்டியதுதான்

இதில் நானே பணத்தை விட்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் செட்டின் கனமான ஒலி கரகரக்கத் தொடங்கியது. ஒரு கடையில் ஆம்ப் போய்விட்டது என்றார்கள், நானும் புதிது வாங்கினேன். கரகரப்பு போகவில்லை. பிறகு முன்துணியைக் கழற்றிப் பார்த்தால், வூஃபரின் காகிதக் கோனைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஃபோம் வளையம் பத்துப் பதினைந்து ஆண்டில் இப்படி மக்கும், அது அதன் இயல்பு. வளையத்தை மாற்றி ஒட்டினால் போதும். உள்ளே இருக்கும் காயில் சுருளே எரிந்திருந்தால், கோனையும் சுருளையும் மாற்றி ரீகோன் செய்யலாம். காந்தமும் சட்டமும் நன்றாக உள்ள பழைய பெட்டிக்கு இது வீண் செலவே அல்ல.

வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரத்தால் அது தூசி. கான்டாக்ட் கிளீனர் ஒரு தெளிப்பில் தீரும். பாட்டு இல்லாதபோதும் ‘உம்ம்ம்’ என்று முனகினால், ஆம்ப்பைக் குறைசொல்லுமுன் டிவியிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். முனகல் நின்றால் கேபிள் வழியாக எர்த் சுற்றிக்கொண்டிருக்கிறது. நிற்காவிட்டால் ஆம்ப்பின் மின்தேக்கிகள் வறண்டிருக்கலாம். பத்து டிகிரி சூடு கூடினால் மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. சித்திரை வெயிலில் வேகும் எங்கள் ஊரில் ஆம்ப்பை மூடிய அலமாரிக்குள் வைத்து மேலே துணி போர்த்துவது அதைக் கொல்வதற்குச் சமம். காற்றோட்டமாக வையுங்கள்.

கடைசியாகக் காது. கடையில் இரண்டு செட்டை ஒப்பிடும்போது கொஞ்சம் சத்தமாக ஓடுவதுதான் ‘நல்லா இருக்கு’ என்று தோன்றும், ஒரு டெசிபல் கூடுதல்கூட அந்த மயக்கத்தைத் தரும். இரண்டையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பழகிய ஒரு குரலைப் போட்டுக் கேளுங்கள், தாளம் மட்டும் அதிரும் பாட்டு வேண்டாம். தீபாவளி வெடிச்சத்தத்தில் காது ரீங்கரிக்கும் நாட்களில் எதையும் வாங்காதீர்கள். அப்போது காது உள்ளபடி கேட்காது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது காது பாதுகாப்புக்குச் சொல்லப்படும் எல்லை, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். ஆலையிலும் அச்சு இயந்திரத்தின் பக்கத்திலும் பகலெல்லாம் சத்தத்தில் நிற்பவர்கள் தங்கள் பங்கில் பெரும்பகுதியை வீடு வருமுன்னே செலவழித்துவிடுகிறார்கள். பெட்டியையும் ஆம்ப்பையும் மாற்ற முடியும், காதை மாற்ற முடியாது.

எதை முதலில் மாற்றுவது என்று இன்னும் கேட்டால் என் தீர்ப்பு இது. முதலில் பெட்டி நிற்கும் இடமும் அறையும். அடுத்து பழுது. அதற்கும் பிறகு பணம் இருந்தால் ஸ்பீக்கர் பெட்டி, கையில் இருப்பதில் பாதிக்கு மேல் அதற்கே போகலாம். அதை ஓட்ட உண்மையான வாட் உள்ள ஆம்ப் அதன் பின். தம்பி அன்று இரண்டு மெத்தைக்குச் சொல்லிவிட்டு, மீதிப் பணத்தை வங்கியில் போட்டார். அடுத்த தீபாவளிக்கு நல்ல பெட்டி வாங்குவதாகத் திட்டம்.

நீங்களும் கடைக்குப் போகுமுன் ஒரு சாயங்காலம் பெட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிச் சென்று கேளுங்கள். இரவு பத்து மணிக்கு முன் முடித்துவிடுங்கள்.